கடவுளுக்கு நாம் வாடிக்கையாளரா? – வாசகர் கேள்வி பதில்

விளம்பர வாசகம் எழுதுவது என் பழைய தொழில். இப்போது சபையில் வேதபாடம் எடுக்கிறேன். அதனால்தானோ என்னவோ, ஆசை, செலவு, காணிக்கை என்று வருகிற கடிதங்களையெல்லாம் ஆசிரியர் குழு என் மேஜைக்குத் தள்ளிவிடுகிறது. இந்த இதழுக்கு வந்தவற்றில் சிலவற்றைச் சுருக்கித் தருகிறேன். பெயர்களை எடுத்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, எனக்கு வயது 34. ராத்திரி ஜெபத்தை முடித்துவிட்டுப் படுத்தபடியே போனை எடுத்தால், விரல் நேராக ஷாப்பிங் ஆப்புக்குத்தான் போகிறது. பெரும்பாலும் வாங்குவதில்லை, கார்ட்டில் போட்டு வைப்பதோடு சரி. கடனும் கிடையாது. ஆனாலும் மனசு உறுத்துகிறது. வாங்காமல் பார்ப்பதும் பாவமா?

பாவமா இல்லையா என்பதற்கு அப்புறம் வருகிறேன், தம்பி. அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கிறது என்று முதலில் சொல்கிறேன். அந்தப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான்.

விளம்பரம் எழுதத் தொடங்கும் முன் எங்கள் கைக்கு ஒரு தாள் வரும். பொருள் என்ன, யாருக்கு விற்கிறோம், அவர்கள் வயது என்ன என்றெல்லாம் அதில் இருக்கும். ஒரே ஒரு வரியில்தான் எல்லாரும் நின்றுவிடுவோம்: இந்தப் பொருள் இல்லாத ஆள் இப்போது எப்படி உணர்கிறார்? உண்மையில் அவர் ஒன்றும் உணர்வதில்லை. நிம்மதியாக இருப்பார். அந்த நிம்மதியில் எந்த இடத்தில் ஊசியை ஏற்றலாம் என்று கண்டுபிடிப்பதற்குத்தான் சம்பளம். சட்டைக் காலரில் மங்கலாக ஒரு கறை. லிஃப்டில் பக்கத்தில் நிற்பவர் லேசாக முகத்தைத் திருப்புகிறார். பள்ளிக்கூட வாசலில் மகன் தலைகுனிந்து நிற்கிறான். முதல் சில நொடியில் குறை, கடைசி சில நொடியில் பொருள். நடுவில் ஒரு இசை. திறமையான ஆள் எழுதினால் கண்ணீரே வரும்.

1924 கடைசியில் பெரிய மின்விளக்குக் கம்பெனிகள் ஜெனீவாவில் கூடி ஒரு கூட்டணி அமைத்தன. ஒரு பல்பு சுமார் 1,000 மணி நேரம் எரிந்தால் போதும், அதற்கு மேல் எரியும்படி யாரும் செய்யக்கூடாது என்று முடிவாயிற்று. மீறிய கம்பெனிக்கு அபராதமும் உண்டு. பொருள் சீக்கிரம் தேய்ந்தால்தான் அடுத்தது விற்கும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இன்றைக்கு அவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை. பொருள் அப்படியே இருக்கட்டும்; அதன் மேல் நமக்கு இருக்கிற பிரியம் தேய்ந்தால் போதும். உங்கள் போன் ராத்திரி பத்தரை மணிக்குச் செய்கிற வேலை அதுதான்.

இப்போது பாவத்துக்கு வருவோம். கொலை, களவு, பொய்ச்சாட்சி எல்லாம் கையோ வாயோ செய்கிறவை. சாட்சி வைத்து நிரூபித்துவிடலாம். பிறனுடையதை இச்சியாதே என்கிற பத்தாவது கட்டளையை எந்தக் கோர்ட்டும் விசாரிக்க முடியாது; அது மனசுக்குள்ளேயே முடிந்துவிடுகிற காரியம். வாங்கினாயா என்று அது கேட்கவே இல்லை. அதோடு யாத்திராகமம் 20:17ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். வீடு, மனைவி, வேலைக்காரன், எருது, கழுதை என்று போகிற பட்டியலில் ஒவ்வொன்றும் இன்னொருவருடையது. இச்சை வந்துவிட்டால் பக்கத்து வீட்டு எருது கண்ணுக்குத் தெரிகிறது. எருதுக்குப் பின்னால் நிற்கிற மனுஷன் மறைந்துவிடுகிறான். உன்னிடத்தில் நீ அன்புகூருவதுபோல் பிறனிடத்திலும் அன்புகூரு என்பதற்கு முதல் தடங்கல் அங்கேதான்.

ஒரு செருப்பைப் பார்த்து ரசித்ததற்காக நீங்கள் மனஸ்தாபப்பட வேண்டாம். நான் கவனிக்கச் சொல்வது நேரத்தை. ஏன் ஜெபம் முடிந்த கையோடு? ஜெபத்தில் ஒன்றைக் கேட்டால் உடனே பதில் வருவதில்லை. அறை அமைதியாக இருக்கிறது. ஆப்பில் விரல் வைத்ததும் ஏதோ அசைகிறது, நிறம் மாறுகிறது, உங்களுக்காகவே தேர்ந்தெடுத்தோம் என்கிறது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் விரல் ஓடுகிறது என்று எனக்குப் படுகிறது.

போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஜெபியுங்கள் என்பது எல்லாரும் சொல்கிற யோசனை, நல்ல யோசனைதான். கார்ட்டில் இருப்பதை அடுத்த ஞாயிறு ஆராதனை முடியும்வரை தொடாதீர்கள் என்பது என்னுடைய யோசனை. பாதிக்கு மேல் தானாகவே வேண்டாததாகிவிடும். விரல் சும்மா இருக்காது என்றால் அன்று யாருக்காக வேண்டினீர்களோ அவருக்கே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். பக்கத்து மனுஷன் மறுபடியும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிப்பார்.

கேள்வி: விலை உயர்ந்த கார் வாங்கினேன். "விசுவாசம் குறைந்துவிட்டது போல" என்று சபையில் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அப்படியா?

சொன்னவரிடம் என்ன கார் இருக்கிறது? சும்மா கேட்டேன்.

லூக்கா 18ஆம் அதிகாரத்தில் ஐசுவரியமுள்ள தலைவனிடம், உனக்கு உண்டானவைகளையெல்லாம் விற்றுத் தரித்திரருக்குக் கொடு என்கிறார் இயேசு. அடுத்த அதிகாரத்திலேயே சகேயு தன் ஆஸ்தியில் பாதியைக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புகிறேன் என்றதும், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார். மீதிப் பாதி என்னாயிற்று என்று கேட்கவில்லை. பிலிப்பியில் பவுலுக்கு வீட்டைத் திறந்துவிட்ட லீதியாள் இரத்தாம்பரம் விற்றவள். வசதியானவர்கள் உடுத்துகிற துணி அது. கடையை மூடு என்று பவுல் அவளிடம் சொன்னதாக எங்கும் இல்லை.

எல்லாருக்கும் ஒரே வரம்பு போட்டுவிட முடியாது. ஆனால் ஒன்று கேட்கலாம்: ஆராதனை முடிந்து வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களில் யாரையாவது அந்தக் காரில் ஏற்றிக்கொள்கிறீர்களா, இல்லை சீட் அழுக்காகும் என்று தோன்றுகிறதா? இரண்டாவது என்றால் சபைக்காரர் சொன்னதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

கேள்வி: திருமணமாகி 9 வருடம். அவர் கெட்டவர் இல்லை. குடி, சந்தேகம், அடிதடி எதுவும் இல்லை. ஆனால் "இந்த மனுஷனால் எனக்கு என்ன கிடைக்கிறது?" என்ற கேள்வி கொஞ்ச நாளாகவே ஓடுகிறது. தோழிகளின் கணவர்கள் பிறந்தநாளுக்குச் செய்கிற அமர்க்களத்தை ஸ்டேட்டஸில் பார்க்கிறேன். எங்கள் திருமணத்தில் 1 கொரிந்தியர் 13ஐ வாசித்தார்கள். இப்போது அதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. நான் மோசமான விசுவாசியா?

சகோதரி, எரிச்சல் வந்தால் நீங்கள் அந்த அதிகாரத்தைச் சரியாகப் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். கல்யாண மேடையில் பூவுக்கும் மெழுகுவர்த்திக்கும் நடுவே வாசித்து வாசித்து நாம் அதைப் பாட்டாக்கிவிட்டோம். கொரிந்துக்காரர்களுக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரிதான் இருந்திருக்கும்.

கொரிந்து இரண்டு துறைமுகங்களுக்கு நடுவில் இருந்த ஊர். அழிந்துகிடந்த நகரத்தை கி.மு. 44 வாக்கில் யூலியஸ் சீசர் ரோமக் குடியிருப்பாகத் திரும்ப நிறுவினார். வியாபாரம் கொழித்தது. பரம்பரைப் பெருமை அதிகம் இல்லாத ஊர் என்பதால் இருப்பதைக் காட்டித்தான் மேலே ஏற வேண்டும். அந்த மனசு சபைக்குள்ளும் வந்தது. எனக்குப் பெரிய வரம், உனக்குச் சின்ன வரம் என்று ஒரு போட்டி. சகோதரன்மேல் சகோதரன் வழக்கு. கர்த்தருடைய இராப்போஜனத்துக்குக் கூடினால், வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒருவன் பசியாயிருக்கிறான், இன்னொருவன் குடிவெறியில் இருக்கிறான் என்று 11ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறார்.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு 13ஐப் படியுங்கள். அன்புக்குப் பொறாமையில்லை: 3ஆம் அதிகாரத்தில் அவர்களுக்குள் பொறாமை இருக்கிறது என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று. இறுமாப்பாயிராது: 4ஆம் அதிகாரத்திலும் 5ஆம் அதிகாரத்திலும் அதே இறுமாப்பைக் கண்டிக்கிறார். தற்பொழிவை, அதாவது தன் நலத்தை, நாடாது: இராப்போஜனத்தில் நடந்ததே அதுதானே. அன்பு என்பது என்ன என்று அவர் வர்ணிக்க உட்காரவில்லை. நீங்கள் செய்வதில் எதுவும் அன்பு இல்லை என்று வரிசையாகச் சொல்கிறார்.

அந்த இராப்போஜனச் சண்டைக்கு அவர் சொன்ன தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. பெரிய தத்துவம் எதுவும் இல்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள். அவ்வளவுதான். வேலை முடித்து, களைத்து, தாமதமாக வருகிறவன் வரட்டும். அதுவரை கையை வைக்காதே. சொன்ன நாளுக்கு ஒரு நாள் தள்ளி வந்தால் புகார் எழுதுகிற பழக்கத்தில் வாழ்கிற நமக்கு இது கொஞ்சம் கடினமான போதனைதான்.

என்ன கிடைக்கிறது என்பது கடையில் கேட்க வேண்டிய நியாயமான கேள்வி. வீட்டில் அதையே தினமும் கேட்டுக்கொண்டிருந்தால், ஒரு கட்டத்தில் நீங்கள் மனைவியாக இல்லாமல் பரிசோதகராகிவிடுவீர்கள். அவரும் அதை உணர்ந்து ஒதுங்குவார். ஒதுங்குவதைப் பார்த்து நீங்கள் இன்னொரு மதிப்பெண் குறைப்பீர்கள். மாமியார், நாத்தனார் இல்லாமலே குடும்பம் இப்படிக் கசந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ஸ்டேட்டஸ் வீடியோக்களைப் பற்றி ஒரு வார்த்தை. அழுதுகொண்டே கதவைத் திறக்கிற அந்தக் காட்சியில் கேமரா கதவுக்கு உள்ளே எப்படி முன்பே வந்து நின்றது என்று யோசியுங்கள். நான் அந்தத் தொழிலில் இருந்தவள்; இரண்டாவது டேக் எது என்று பார்த்தாலே தெரியும்.

ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளுங்கள் என்றும் நான் சொல்ல மாட்டேன். ஆசைப்படுவதை அவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். "என் பிறந்தநாளுக்கு நாம் இரண்டு பேரும் எங்காவது போக வேண்டும், நீங்கள்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்" என்று சொன்னால் அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. அன்புகொண்டவர்கள் கேட்பார்கள். கேட்காமலே மனசுக்குள் ரேட்டிங் போட்டுக்கொண்டிருப்பதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அப்புறம், கடைசியாக நீங்கள் எப்போது அவருக்காகக் காத்திருந்தீர்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

(இதை வாசிக்கிற எந்தப் பெண்ணும் வீட்டில் அடி வாங்கிக்கொண்டிருந்தால் இந்தப் பதில் உங்களுக்கு அல்ல. நீங்கள் காத்திருக்க வேண்டாம். பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டு எழுதுங்கள்.)

கேள்வி: பிலிப்பியர் 4:13 எழுதிய காபி கப் ஒன்று அலுவலகத்தில் பரிசாகக் கிடைத்தது. பதவி உயர்வுக்கான தேர்வுக்கு அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஜெபிக்கலாமா?

தாராளமாக ஜெபியுங்கள். ஆனால் "எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பவுல் எழுதியபோது அவர் கட்டுண்டு சிறையில் இருந்தார். அதற்கு முந்தின இரண்டு வசனங்கள் கப்பில் இருக்காது: எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன், பட்டினியாயிருக்கவும் பரிபூரணமடையவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். தேர்வில் தோற்றாலும் அந்த வசனம் உங்களுக்குச் சொந்தம்தான். சொல்லப்போனால் அப்போதுதான் அதிகமாக உதவும்.

கேள்வி: நான்கு வருடத்தில் ஐந்து சபை மாறிவிட்டேன். ஒரு இடத்தில் பாட்டு சரியில்லை, ஒரு இடத்தில் பிரசங்கம் இழுவை, இன்னொரு இடத்தில் யாரும் பேசவே மாட்டேன் என்கிறார்கள். இப்போது வீட்டில் இருந்தே யூடியூபில் நல்ல பிரசங்கங்களாகத் தேர்ந்தெடுத்து ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறேன். முன்பைவிட நிறையக் கற்றுக்கொள்கிறேன். இதில் என்ன தவறு?

ஒன்றரை மடங்கில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. சில போதகர்களுக்கு இரண்டே வைக்கலாம்.

உடம்புக்கு முடியாதவர்களுக்கும், வயதானவர்களைப் பார்த்துக்கொண்டு வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கும் அந்த வீடியோக்கள் ஆசீர்வாதம். உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று கடிதத்திலிருந்து புரிகிறது.

ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து நடவுங்கள் என்கிறது கலாத்தியர் நிருபம். உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்கிறார் யாக்கோபு. ஒருவரையொருவர் தாங்கி, மன்னியுங்கள் என்கிறது கொலோசெயர். வீடியோவில் பேசுகிறவரை நீங்கள் தாங்க வேண்டியதே இல்லை. சலித்தால் தள்ளிவிடலாம். அவருக்கு உங்கள் பெயர் தெரியாது. உங்கள் அம்மா இறந்தால் அவர் வர மாட்டார், அவர் அம்மா இறந்தால் நீங்கள் போக மாட்டீர்கள். தகவல் சேரும், சேரட்டும். ஆனால் மேலே சொன்ன கட்டளைகளில் ஒன்றைக்கூடப் பழகிப் பார்க்க அங்கே வழி இல்லை.

இயேசு கூட்டிய பன்னிரண்டு பேரைப் பாருங்கள். ஆயத்துறையில் உட்கார்ந்து வரி வாங்கிய மத்தேயு ஒருவன். செலோத்தே என்னப்பட்ட சீமோன் இன்னொருவன். அந்தப் பெயருக்கு வைராக்கியமுள்ளவன் என்று அர்த்தம்; ரோம ஆட்சியைச் சகிக்காதவன் என்று பலர் கருதுகிறார்கள். இருவரிடமும் ஆளைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தால் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்திருப்பார்களா? ஒரே பாதையில் நடந்து, ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். நமக்குப் பிடித்த ஆட்களை நாமே பொறுக்கி எடுத்தால் அன்புகூர ஆளே மிஞ்ச மாட்டார்கள். ரசிக்கத்தான் ஆள் இருப்பார்கள்.

கொரிந்துக்காரர்களிடமும் உங்கள் வியாதி இருந்தது. நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன், நான் கேபாவைச் சேர்ந்தவன் என்றார்கள். யூடியூப் இல்லாததுதான் குறை.

விட்டு விலக வேண்டிய சபைகள் உண்டு. காணிக்கைக்குக் கணக்குக் காட்டாத சபை, போதகரைக் கேள்வி கேட்டால் சாபம் என்று மிரட்டுகிற சபை, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லாத சபை. அங்கிருந்தெல்லாம் உடனே கிளம்புங்கள். பாட்டு சரியில்லை என்பது இந்த வரிசையில் வராது. வீட்டுக்குப் பக்கத்தில் சாதாரணமாக, கொஞ்சம் சலிப்பாக ஒரு சபை இருக்கும். அதில் ஒரு வருஷம் உட்காருங்கள். நாற்காலி அடுக்குவது, செருப்புகளை ஒழுங்கு வைப்பது என்று கையால் செய்கிற ஒரு வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாட்டைப் பற்றி அப்புறம் பேசலாம். பாட்டுக்காரரே உங்களுக்கு நண்பராகியிருப்பார், அப்போது சொல்வது சுலபம்.

கேள்வி: ஒரு ஊழியர், "விதையுங்கள், நூறு மடங்கு அறுப்பீர்கள். ஏழை விதவை தன் இரண்டு காசையும் போட்டாளே!" என்று சொல்கிறார். அம்மா தன் சேமிப்பு முழுவதையும் கொடுக்கத் தயாராக இருக்கிறார். விசுவாசத்தைத் தடுத்த பாவம் எனக்கு வருமா?

வராது. இன்றைக்கே தடுங்கள்.

மாற்கு 12ஆம் அதிகாரத்தில் அந்த விதவையின் கதை 41ஆம் வசனத்தில் தொடங்குகிறது. 40ஆம் வசனத்தை அந்த ஊழியர் வாசிக்கச் சொல்லியிருக்க மாட்டார். நீண்ட ஜெபம்பண்ணி விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகர்களை இயேசு அங்கே கண்டிக்கிறார். அந்த வாய் மூடும் முன்பே ஒரு விதவை வந்து தன் ஜீவனத்துக்கு இருந்ததையெல்லாம் போடுகிறாள். அவள் மனசு பெரிய மனசு, சந்தேகமில்லை. ஆனால் அவளைக் காட்டி வசூல் செய்கிறவர் தான் எந்த வசனத்தில் நிற்கிறோம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த நூறு மடங்கு மாற்கு 10:30இல் வருகிறது. "துன்பங்களோடேகூட" என்று அதே வசனத்தில் இருக்கிறது. மேடையில் அது விழுங்கப்பட்டுவிடும்.

பணத்தைக் கொடுத்து கடவுளிடம் ஒன்றை வாங்கலாம் என்கிற எண்ணம் இன்று முளைத்தது இல்லை. மாயவித்தைக்காரன் சீமோன் அப்போஸ்தலர்களிடம் பணத்தை நீட்டினான். உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது என்றார் பேதுரு. பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்துத்தான் 1517இல் லூத்தர் தன் 95 வாதங்களை எழுதினார். ஒவ்வொரு தலைமுறையிலும் கடை வேறு இடத்தில் திறக்கும்.

கொடுக்க வேண்டும் என்கிற அம்மாவின் ஆசையை மட்டும் அணைத்துவிடாதீர்கள். அதற்கு நல்ல வழி காட்டுங்கள். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிற்றுக்கிழமை சேர்கிற காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் ஆகியோருக்குப் போனதைக் குறிப்பிடுகிறார். நான்காம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைப் பிடிக்காத ரோமப் பேரரசன் யூலியனே, இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அவன் அப்படித்தான் அழைத்தான்) தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறார்களே என்று புலம்பி எழுதினான். அப்படி எதிரி பொறாமைப்படுகிற மாதிரி ஒரு காரியத்துக்குக் கொடுங்கள். முழுச் சேமிப்பு வேண்டாம். எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்த பவுலே யாரும் குறைசொல்லக் கூடாது என்று கூட ஆட்களைச் சேர்த்துக்கொண்டார். 2 கொரிந்தியர் 8இல் இருக்கிறது. அந்த ஊழியரிடம் போய்க் கணக்குக் கேளுங்கள். கோபப்பட்டால் விடை கிடைத்துவிட்டது.

கேள்வி: மகளுக்கு 13 வயது. கிறிஸ்துமஸ் வந்தால் ஒரு நீளமான பட்டியல் கொடுக்கிறாள். மறுத்தால் "எல்லார்கிட்டயும் இருக்கு, நீங்கதான் ஓவர் பக்தி" என்கிறாள். எப்படிப் புரிய வைப்பது?

முதலில் அவள் பக்கம் கொஞ்சம் பேசுகிறேன். 13 வயதில் கூட்டத்தில் தனியாகத் தெரிவது நிஜமான வலி. அதைப் பக்தியால் கேலி செய்யாதீர்கள். பட்டியலில் ஒன்றை வாங்கிக் கொடுங்கள், பிரசங்கம் வைக்காமல் கொடுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள் பழைய திருச்சபையில் உபவாச நாட்கள். வெறும் வயிற்றோடு காத்திருந்து பண்டிகைக்கு வருவார்கள். இப்போது அதே வாரங்களில் வாங்கி வாங்கிக் களைத்து, பண்டிகை அன்று தூங்குகிறோம். அந்த வாரங்களில் ஒன்றையாவது எதுவும் வாங்காத வாரமாக வீட்டில் வையுங்கள். நீங்களும் உங்கள் கணவரும் சேர்த்துத்தான். அவளுக்கு மட்டும் என்றால் அது தண்டனை.

அவளோடு ஒரு விளையாட்டு விளையாடுங்கள். எந்த விளம்பரம் வந்தாலும், "இது எனக்கு என்ன குறை இருப்பதாகச் சொல்கிறது?" என்று முதலில் கண்டுபிடிப்பவருக்கு ஒரு புள்ளி. என் வேதபாட வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் பெரியவர்களைவிட வேகமாகப் பிடித்துவிடுவார்கள், அப்புறம் அவர்களை ஏமாற்றுவது கஷ்டம். வீட்டு வரவு செலவை அவளுக்குக் காட்டி, கொடுப்பதற்கென்று ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி யாருக்குப் போக வேண்டும் என்பதை அவளையே முடிவு செய்யவும் விடுங்கள்.

கேள்வி: வேத வாசிப்பு ஆப்பில் 400 நாள் விடாமல் தொடர்ச்சி வைத்திருக்கிறேன். ஆனால் முன்பு போல ஆராதனையில் கண்ணீர் வருவதில்லை, ஜெபத்தில் ஒன்றும் உணர்வதில்லை. நான் வளர்கிறேனா, தேய்கிறேனா? எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

400 நாள் வாசித்தது நல்ல காரியம். ஆனால் எண் உடையக்கூடாதே என்று நள்ளிரவுக்கு ஐந்து நிமிடம் முன்னால் ஒரு சங்கீதத்தை ஓட்டுவீர்களானால், ஆப் உங்களை வாசிக்கிறது. ஒரு நாள் வேண்டுமென்றே விட்டுப் பாருங்கள். பதறினால் எதன்மேல் பற்று என்று தெரிந்துவிடும்.

கண்ணீர் விஷயத்தில் நீங்கள் பயப்படுவது போல எதுவும் இல்லை என்றே நினைக்கிறேன். 131ஆம் சங்கீதத்தில் மூன்றே வசனம். பாலை மறந்த குழந்தையைப் போல என் ஆத்துமாவை அமரப்பண்ணினேன் என்கிறார் தாவீது. பால்குடிக் குழந்தை தாயின் மடிக்கு வந்தால் பாலுக்காக வரும், கிடைக்காவிட்டால் கத்தும். பால் மறந்த குழந்தை சும்மா வந்து உட்காரும், தாய்க்காகவே வரும். ஒவ்வொரு ஆராதனையிலும் எனக்கு ஒரு உணர்ச்சி கிடைத்தாக வேண்டும் என்று போவது முதல் வகை. அது தவறில்லை, குழந்தை அப்படித்தான் தொடங்கும். ஒன்றும் கிடைக்காத ஞாயிறுகளிலும் நீங்கள் போய் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை நீங்கள் தேய்மானக் கணக்கில் போட்டிருக்கிறீர்கள். நான் வரவில் போடுவேன்.

அப்பங்களைத் தின்று திருப்தியானதால்தான் என்னைத் தேடுகிறீர்கள் என்று யோவான் 6இல் இயேசு கூட்டத்திடம் முகத்துக்கு நேராகச் சொன்னார். அன்று பலர் திரும்பிப் போனார்கள்.

அளவுகோல் வேண்டும் என்கிறீர்கள். கூட வசிக்கிறவர்களைக் கேளுங்கள்: போன வருஷத்தைவிட என்னோடு இருப்பது சுலபமாக இருக்கிறதா? கேட்கத் தைரியம் வேண்டும். எண்ணிலேயே பார்க்க ஆசை என்றால், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தன் பிரசங்கம் ஒன்றில் சொன்ன ஒரு ஆக்ஸ்போர்டு இளைஞனின் கணக்கு இருக்கிறது. அது வெஸ்லியின் சொந்தக் கணக்குதான் என்று பொதுவாகச் சொல்வார்கள். வருஷத்துக்கு 30 பவுன் வந்தபோது 28இல் வாழ்ந்து 2 பவுன் கொடுத்தான். அடுத்த வருஷம் 60 வந்தது. அப்போதும் 28இல் வாழ்ந்து 32 கொடுத்தான். மூன்றாம் வருஷம் 90 வந்தது, 62 கொடுத்தான். வருமானம் ஏறியது, தேவை நின்ற இடத்தில் நின்றது.

நமக்கு வாடகை, பிள்ளைகள் படிப்பு, மருத்துவம் என்று ஆயிரம் இருக்கிறது, 28லேயே நிற்க முடியாது. ஆனால் கடைசியாகச் சம்பளம் உயர்ந்தபோது அந்த உயர்வில் எத்தனை பங்கு உங்களிடமிருந்து வெளியே போயிற்று என்று பார்க்கலாம். ஆப்பை மூடிவிட்டுக் கடந்த மூன்று மாத வங்கிக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு பேனாவோடு உட்காருங்கள். பார்த்த பிறகு இன்னொரு கடிதம் போடுங்கள், அடுத்த இதழில் பேசுவோம்.